ராலேவுக்கு பேஸ்பால் அணி வரட்டும், ஆனால் எங்கள் ஓட்டைக் கேட்டுவிட்டு வரட்டும்

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
ராலே நகர மன்றம், வட கரோலினா.

நகல்: வேக் கவுண்டி ஆணையர் குழு

பொருள்: மேஜர் லீக் பேஸ்பால் அணியை ராலேவுக்குக் கொண்டுவர முயல்வது, அதற்கான பொதுப்பணத்துக்கு மக்களின் ஒப்புதலைப் பெறுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு, வணக்கம்.

ராலே, கேரி, மோரிஸ்வில், டர்ஹாம் பக்கம் குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து இந்த மனுவைக் கொடுக்கிறோம். வீட்டுப் பெரியவர்களும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் தமிழில் எழுதியிருக்கிறோம், ஆங்கிலப் படியும் கூடவே வரும். நேராக விஷயத்துக்கு வருகிறோம். இந்த ஊருக்கு மேஜர் லீக் (நாட்டின் முதல்தர பேஸ்பால் லீக்) அணி வேண்டும், அதற்கு நீங்கள் முன்னின்று முயல வேண்டும். ஆனால் அரங்கத்துக்கு நகரமும் கவுண்டியும் (மாவட்ட நிர்வாகம்) அதிகபட்சம் எவ்வளவு தரும் என்பதை, எந்த உரிமையாளரோடும் பேரம் பேசுவதற்கு முன்பே வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். இது ஒரே கோரிக்கை. பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு சின்ன ஊருக்கு அணி வருமா என்று கேட்பவர்கள் உண்டு. 2020 கணக்கெடுப்பில் ராலேயின் மக்கள்தொகை 4,67,665, நம் மாநிலத்தின் பெரிய நகரமான சார்லட்டோ கிட்டத்தட்ட 8.75 லட்சம். ஆனால் லீக் பார்ப்பது நகர எல்லையை அல்ல, அதைச் சுற்றியிருக்கிற மொத்த வட்டாரத்தை. ராலே, டர்ஹாம் வட்டாரங்களைச் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. டிவி சந்தையாகப் பார்த்தால் மில்வாக்கி, கன்சாஸ் சிட்டி, சின்சினாட்டி மூன்றையும் விட நாம் பெரியவர்கள், அந்த மூன்று ஊர்களிலும் பல பத்தாண்டுகளாக அணி இருக்கிறது, கன்சாஸ் சிட்டி 2015ல் உலகத் தொடரையே வென்றது. மாநிலத்தை எடுத்துக்கொண்டால், மேஜர் லீக் பேஸ்பால் அணி இல்லாத மாநிலங்களிலேயே மக்கள்தொகையில் பெரியது வட கரோலினாதான், 2020 கணக்கெடுப்பில் 1.04 கோடி பேர். ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் வாஷிங்டனுக்கு நாலரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், இல்லை அட்லாண்டாவுக்கு ஆறு மணி நேரம்.

ஹரிக்கேன்ஸ் அணி வந்தபோதும் இதே சந்தேகம்தான் எழுந்தது. தெற்கத்திக்காரர்கள் ஐஸ் ஹாக்கி பார்ப்பார்களா என்றார்கள். 1997ல் ஹார்ட்ஃபோர்டிலிருந்து வந்த அணி முதல் இரண்டு பருவம் கிரீன்ஸ்பரோவில் காலி நாற்காலிகளுக்கு நடுவே ஆடியது உண்மைதான். 1999ல் ராலேவுக்கு வந்தது, 2006ல் ஹாக்கி லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது, 2023 பிப்ரவரியில் கார்ட்டர்-ஃபின்லி மைதானத்தில் திறந்தவெளி ஆட்டம் வைத்தபோது ஏறக்குறைய 57 ஆயிரம் பேர் வந்தார்கள். இந்த ஊர் தன் அணியைக் கைவிடாது.

சரி, ஆனால் ஹாக்கிக்கு ஒரு பருவத்தில் சொந்த ஊர் ஆட்டங்கள் 41, பேஸ்பாலுக்கு 81. உண்மையான கேள்வி இங்கேதான் இருக்கிறது. சராசரியாக 25 ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 20 லட்சம் டிக்கெட் விற்றாக வேண்டும், அதாவது வட்டாரத்தில் இருக்கிற குழந்தை முதல் கிழவி வரை தலைக்கு ஒன்று. ஜூலை மாதத்து வேர்வையிலும் சாயங்கால இடியிலும் வார நாள் ஆட்டங்களுக்கும் ஆள் வர வேண்டும். கம்பெனிகள் விலை உயர்ந்த பெட்டி இருக்கைகளை வாங்க வேண்டும். சார்லட்டில் பேங்க் ஆஃப் அமெரிக்கா போன்ற பெரிய தலைமையகங்கள் இருக்கின்றன, நம்மிடம் இருப்பது கேரியின் சாஸ், எபிக் கேம்ஸ், ராலேயின் ரெட் ஹேட் போன்ற மென்பொருள் நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கின் மருந்து மற்றும் கணினி நிறுவனங்கள். ஆனால் சார்லட்டில் அமெரிக்கன் ஃபுட்பால், கூடைப்பந்து, கால்பந்து மூன்றும் அதே கம்பெனிகளின் பணத்துக்குப் போட்டி போடுகின்றன. 2024ல் அங்கே ஃபுட்பால் அரங்கத்தைப் புதுப்பிக்க மட்டும் நகர மன்றம் 65 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. இங்கே கோடையில் அப்படிப் பெரிய போட்டி இல்லை. எங்கள் மதிப்பீட்டில் ராலேவுக்கு வாய்ப்பு இருக்கிறது, நல்ல வாய்ப்பே இருக்கிறது.

நேரமும் இதுதான். லீக் கடைசியாக விரிவானது 1998ல், அரிசோனாவும் டாம்பா பேயும் வந்தபோது. இப்போது 30 அணிகள். லீக்கின் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் 2029 ஜனவரியில் ஓய்வு பெறுவதாகவும் அதற்குள் இரண்டு புதிய ஊர்களைத் தேர்ந்தெடுத்துவிட விரும்புவதாகவும் சொல்லியிருக்கிறார். சால்ட் லேக் சிட்டி, போர்ட்லாண்ட், நாஷ்வில் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. யூட்டா சட்டமன்றம் 2024ல் 90 கோடி டாலர் வரை ஒதுக்க வழி செய்தது, ஆரிகன் 2025ல் 80 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு அனுமதி கொடுத்தது.

எங்களுக்குப் பயம் வருவது இந்த எண்களைப் பார்த்துத்தான். பக்கத்து ஊர் 90 தருகிறது, நாம் 100 தருவோம் என்று ஏலத்தில் இறங்கிவிட்டால் முடிந்தது. அணிகளின் எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்துக்கொண்டு, இல்லாத ஊர்களைக் காட்டி இருக்கிற ஊர்களிடம் பணம் வாங்குவது இந்த லீக்கின் பழைய வழக்கம். ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பட்டதை நினைத்துப் பாருங்கள். 1988ல் சிகாகோ வொயிட் சாக்ஸ் அங்கே வருவதாக இருந்தது, இல்லினாய் சட்டமன்றம் கடைசி நிமிடத்தில் புதிய அரங்கத்துக்குப் பணம் ஒதுக்கியதும் அணி சிகாகோவிலேயே தங்கிவிட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1990ல் கூரை போட்ட அரங்கத்தைக் கட்டி முடித்துவிட்டு அணி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. 1992ல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸும் வருவது போல் வந்து வராமல் போனது. 1998ல்தான் டாம்பா பே என்ற பெயரில் ஒரு அணி கிடைத்தது. 2024 அக்டோபரில் மில்டன் புயல் அந்தக் கூரையைக் கிழித்துவிட்டுப் போன பிறகு, ஒப்பந்தப்படி பழுது பார்க்கிற பொறுப்பும் நகரத்தின் தலையில்தான் விழுந்தது. ஆகவே மேயர் அவர்களே, கையில் எழுத்துபூர்வமான உறுதி இல்லாமல் ஒரு செங்கல் கூட வைக்க வேண்டாம்.

மயாமி இதைவிட மோசம். 2012ல் திறந்த அரங்கத்தின் பெரும்பகுதி பொதுப்பணம். கவுண்டி வாங்கிய கடனை வட்டியோடு 2048 வரை கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் 240 கோடி டாலர் ஆகிவிடும் என்கிறார்கள். சொத்து வரி உயர்வும் இந்த அரங்க ஒப்பந்தமும் சேர்ந்து கிளப்பிய கோபத்தில் 2011ல் கவுண்டி மேயரையே மக்கள் ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அணியை விற்றால் லாபத்தில் ஒரு பங்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 2017ல் 120 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, கணக்குப்படி லாபமே இல்லை என்று முன்னாள் உரிமையாளர் தரப்பு சொன்னது. வழக்குப் போட்டு இழுத்து 2021ல் கிடைத்தது சுமார் 42 லட்சம் டாலர். இதிலிருந்து நாங்கள் கேட்பது: ராலே போடும் ஒப்பந்தத்தில் நமக்கு வர வேண்டிய பங்கு லாபத்தில் இருக்கக் கூடாது, விற்பனை விலையில் இருக்க வேண்டும்.

ஓட்டெடுப்பு வைத்தால் தோற்றுவிடுவோம், அணி கைநழுவிவிடும் என்று உங்கள் ஆலோசகர்கள் சொல்லக்கூடும். 1998ல் நம் மாநிலத்திலேயே அது நடந்தது. மின்னசோட்டா ட்வின்ஸை வாங்கிக் கொண்டுவர ஒரு வட கரோலினா தொழிலதிபர் ஒப்பந்தம் போட்டிருந்தார், சமைத்த உணவுக்கு வரி போட்டு அரங்கம் கட்டலாமா என்று கில்ஃபோர்ட், ஃபோர்சைத் கவுண்டி மக்களிடம் கேட்டார்கள், வேண்டாம் என்று ஓட்டு விழுந்தது, அதோடு சரி. ஆனால் சான் பிரான்சிஸ்கோவையும் பாருங்கள். 1987, 1989 இரண்டு முறையும் அந்நகர மக்கள் அரங்கத் திட்டத்தை மறுத்தார்கள். ஜயண்ட்ஸ் அணி பக்கத்தில் சான்டா கிளாராவிலும் சான் ஓசேயிலும் கேட்டுப் பார்த்தது, அங்கேயும் இல்லை. கடைசியில் உரிமையாளர்கள் பெரும்பாலும் தங்கள் பணத்திலேயே கட்டுகிறோம் என்று 1996ல் வந்து நின்றபோது அதே மக்கள் அமோகமாக ஆதரித்தார்கள். 2000ல் திறந்த அந்த அரங்கம்தான் இன்று நாட்டின் மிக அழகான மைதானங்களில் ஒன்று. மக்கள் வேண்டாம் என்று சொன்னதால்தான் நல்ல பேரம் படிந்தது. அந்தப் பலத்தை மூடிய அறைக்குள் விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

நம் மாநில அரசியல் சட்டப்படி பொதுக் கடன் பத்திரத்துக்கு மக்கள் ஓட்டு வேண்டும். ஆனால் ஓட்டு இல்லாமலே கடன் வாங்க வேறு வகைப் பத்திரங்கள் இருக்கின்றன என்பதும் எங்களுக்குத் தெரியும். பேஸ்பால் அரங்கத்துக்கு அந்தக் குறுக்கு வழியில் போக மாட்டோம் என்று மன்றம் தீர்மானம் போட வேண்டும்.

ஹோட்டல் அறைக்கு 6 சதவீதம், உணவகச் சாப்பாட்டுக்கு 1 சதவீதம் என்று வேக் கவுண்டியில் வசூலாகிற வரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதில் ஏற்கெனவே ஹாக்கி அரங்கத்தைப் புதுப்பிக்க 30 கோடி டாலர் போகிறது, ஹரிக்கேன்ஸ் 2044 வரை இங்கே இருக்க அதுதான் விலை. மாநாட்டு மையத்துக்கும் அதிலிருந்துதான் போகிறது. மிச்சம் எவ்வளவு, எந்த ஆண்டு வரை உறுதி கொடுத்தாயிற்று என்ற கணக்கைச் சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி வெளியிடுங்கள். ஆரிகனைப் போல ஆட்டக்காரர்களின் வருமான வரியை வைத்துக் கடன் அடைக்கலாம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு கணக்கு: அணியின் மொத்தச் சம்பளம் 15 கோடி டாலர் என்றால், நம் மாநிலத்தின் 3.99 சதவீத வரியில் எல்லாமே இங்கேயே கட்டப்பட்டாலும் ஆண்டுக்கு 60 லட்சம் டாலரைத் தாண்டாது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் 2020 அரங்கத்துக்குச் செலவானதோ சுமார் 120 கோடி. எங்கே 60 லட்சம், எங்கே 120 கோடி?

ஆகவே நிலம், சாலை, வடிகால், பேருந்து வசதி ஆகியவற்றோடு பொதுப்பணம் நிற்கட்டும். அணி போனாலும் அவை ஊருக்கு மிஞ்சும். கட்டடத்தையும் மதிப்பீட்டுக்கு மேல் ஏறுகிற செலவையும் உரிமையாளர் ஏற்கட்டும். கடன் முடிகிற வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனை நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி எழுதப்பட வேண்டும். ஓக்லாண்டில் 57 பருவங்கள் ஆடிய அத்லெடிக்ஸ் அணியினர் 2024ல் கிளம்பி, லாஸ் வேகஸ் அரங்கம் முடிகிற வரை சாக்ரமெண்டோ பக்கத்தில் சுமார் 14 ஆயிரம் பேர் அமரும் சிறு மைதானத்தில் ஆடப் போனார்கள். இடம் கொடுத்த ஊரின் பெயரைக் கூட அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. விட்டுப்போன ஓக்லாண்ட் கொலிசியத்தில்தான் 2025 ஜூனில் மேஜர் லீக் கிரிக்கெட்டின் அந்த வருடப் பருவம் தொடங்கியது, முதல் ஆட்டத்திலேயே ஃபின் ஆலன் 19 சிக்சர் அடித்தார். எங்கள் வீடுகளில் கொண்டாடிப் பார்த்தோம். கூடவே, இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே உட்கார்ந்து பேஸ்பால் பார்த்தவர்களை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. மோரிஸ்வில் சர்ச் ஸ்ட்ரீட் பார்க்கில் எங்கள் பிள்ளைகள் கிரிக்கெட்டும் ஆடுகிறார்கள், பள்ளியில் பேஸ்பாலும் ஆடுகிறார்கள், அவர்கள் மனசு வைத்து ஆதரிக்கிற அணி ஒரு நாள் லாரியில் ஏறிப் போய்விடக் கூடாது.

டர்ஹாம் புல்ஸை மறந்துவிடாதீர்கள். டாம்பா பே ரேஸின் ட்ரிபிள்-ஏ (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே) அணி அது, 1995ல் திறந்த அந்த மைதானமும் பக்கத்தில் பழைய புகையிலை ஆலைகள் அலுவலகங்களாக மாறியதும் சேர்ந்து டர்ஹாம் நடுநகருக்கே உயிர் கொடுத்தன. அரைமணி தூரத்தில் மேஜர் லீக் வந்தால் அவர்களுக்கு என்ன ஆகும் என்பதை டர்ஹாம் நகரத்தையும் மேசையில் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும்.

அப்புறம் போக்குவரத்து. டர்ஹாம்-ஆரஞ்ச் ரயில் திட்டம் 2019ல் கைவிடப்பட்டது. 2016ல் வேக் கவுண்டி மக்கள் பேருந்துக்காக அரை சதவீத விற்பனை வரிக்கு ஓட்டுப் போட்டார்கள், நியூ பெர்ன் அவென்யூ விரைவுப் பேருந்துத் தடத் திட்டம் அதில் வந்ததுதான். அந்தத் தடங்களில் ஒன்றின் ஓரத்தில் அரங்க இடம் அமைய வேண்டும். ஐ-40ல் வேலை விட்டு வருகிறவர்களோடு 30 ஆயிரம் பேரின் கார்களையும் சேர்க்க முடியாது.

மேற்கண்டவற்றை விவாதிக்க வேக் கவுண்டி ஆணையர்களோடு சேர்ந்து ஒரு கூட்டுக் குழுவை அமைத்து, வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய மாலை நேரத்தில் முதல் பொது விசாரணையை வைக்கும்படியும், எந்த ஒப்பந்த வரைவையும் கையெழுத்துக்கு 60 நாட்கள் முன்பே முழுசாக வெளியிடும்படியும், உச்சவரம்புத் தொகை பற்றிய தீர்மானத்தை நகர மன்றத்தின் அடுத்த கூட்ட நிரலில் சேர்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம். விசாரணைக்கு நாங்கள் குடும்பத்தோடு வருவோம். தேதியைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ராலே – டர்ஹாம் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)