வட்டியில்லா வங்கி எல்லா நாட்டிலும் ஒன்றல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு,

போன வாரம் உங்கள் இதழில் இஸ்லாமிய வங்கி, அதாவது மார்க்கம் தடுத்த வட்டியை வாங்காமல் வியாபார லாபத்தில் நடக்கும் வங்கி, பற்றி வந்த கட்டுரையைப் பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவில் நாலைந்து பேர் படித்தோம். பெயரை மாற்றி வட்டி வாங்குகிறார்கள் என்று எல்லா நாட்டையும் ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கோலாலம்பூரில் பதினோரு வருடம் ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தவன் நான், இதை அப்படியே விட மனசு வரவில்லை.

என் முதலாளி சீனர். குடோன் வாங்க அவர் போனது இஸ்லாமிய வங்கிக்கு. அந்தப் பத்திரத்தை ஃபைலில் வைத்ததே நான்தான். வங்கி வாங்கிய விலை ஒரு வரி, அவருக்கு விற்கும் விலை அடுத்த வரி, அதற்குக் கீழே எத்தனை மாதத் தவணை. வெளியே வட்டி எவ்வளவு ஏறினாலும் எழுதின விலைக்கு மேல் ஒரு ரிங்கிட்கூட கேட்க முடியாது, அவர் பார்த்தது அதைத்தான், மார்க்கத்தை அல்ல.

அப்படி ஒரு சீன வியாபாரியையும் இழுக்க வேண்டிய நிலைமையை மலேசியாவில் அரசே உண்டாக்கியது. 1983ல் சட்டம் போட்டு பேங்க் இஸ்லாமைத் தொடங்கினார்கள், பத்து வருடம் அது தனியாக ஓடியது, 1993ல் மற்ற வங்கிகளும் வட்டியில்லாக் கணக்கு நடத்தலாம் என்றார்கள், அப்புறம் அல் ராஜ்ஹி, குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ் என்று வளைகுடா வங்கிகளையும் உள்ளே விட்டார்கள். இத்தனை பேர் மோதும் இடத்தில் இஸ்லாமிய வங்கியின் லாபமும் பக்கத்து வங்கியின் வட்டியை ஒட்டித்தான் நிற்கும், கூட வைத்தால் ஆள் வராது. கட்டுரையாளர் குற்றமாகச் சொல்வது இதைத்தான் என்றால், அது போட்டியால் வந்தது, ஏமாற்று அல்ல.

கத்தாரில் நேர்மாறு. 2011ல் அங்குள்ள மத்திய வங்கி, சாதாரண வங்கிகள் நடத்திய இஸ்லாமியப் பிரிவுகளை மூடச் சொல்லிவிட்டது. சிங்கப்பூரில் டிபிஎஸ் வங்கி 2007ல் தனியாக ஓர் இஸ்லாமிய வங்கியே தொடங்கியது, வியாபாரம் போதிய அளவுக்குப் பெருகவில்லை என்று 2015ல் மூடப்போவதாக அறிவித்தது. பணக்கார ஊர் என்பதால் மட்டும் ஓடிவிடாது. ஆனால் முஸ்லிம்கள் சிறுபான்மையாக இருக்கும் இலங்கையில் 2011ல் வந்த அமானா வங்கி இன்றும் நடக்கிறது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். நிதித் துறைச் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த ரகுராம் ராஜன் குழு 2008லேயே வட்டியில்லா வங்கிச் சேவை வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017ல் ரிசர்வ் வங்கி, அந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துப் போவதில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்குப் பதில் சொல்லிவிட்டது. இலங்கை வங்கிகள் போட்டி போட்டுப் பிடிக்கும் வாடிக்கையாளரை இங்கே கேட்க ஆளில்லை.

என் ராத்தா (அக்கா) பாஸ்புக்கில் வட்டி விழுந்த வரிகளின் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். வருடம் முடிந்ததும் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையை நன்மையை எதிர்பார்க்காமல் இல்லாதவர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். மூன்று மகன்களும் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் அதே கணக்கில் சும்மா கிடக்கிறது. தொழிலில் போட்டு லாப நட்டத்தில் பங்கு கொடுக்கிறோம் என்று முறையான வங்கி ஒன்று வந்தால் நாளைக்கே மாற்றிவிடுவார். அது இல்லாததால்தான், வட்டியில்லை லாபம் மட்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் எங்கள் பக்கத்தில் நகையை விற்றுக்கூடப் பணம் கொடுக்கிறார்கள்.

அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபரைப் பரங்கிப்பேட்டைக்கோ லால்பேட்டைக்கோ அனுப்புங்கள் ஐயா. பென்சில் கோடு போட்ட பாஸ்புக்கை எத்தனை வீட்டில் வேண்டுமானாலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டம்