அக்காவுக்கு, அந்த ஏணியைப் பற்றி

அன்புள்ள அக்கா,

நேற்று விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாத அறிவிப்புக் காலம் முடிந்தால் நானும் வெளியே. காரணம் கேட்கும் கட்டத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று நிரப்பினேன். பதிவேட்டுக்கு எது வேண்டுமோ அதை எழுதிவிடுவது உங்களிடம் கற்றதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். இல்லை, கொஞ்சம் கோபித்துக்கொள்ளுங்கள். பதினான்கு வருடமாக நீங்கள் ஒரு வார்த்தை கேட்காததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாம் சேர்ந்து வேலை பார்த்த பள்ளியின் பெயரையும் அந்தப் பையனின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவனுக்கு இப்போது இருபத்து மூன்று வயதிருக்கும், இதைப் படிக்கக்கூடியவன். அந்த ஒன்றியத்தில் இன்னும் வேலை பார்ப்பவர்களும் படிப்பார்கள். அதனால் ஆய்வுக்கு வந்த அலுவலரைப் பற்றி ஒன்று மட்டும்: அவர் கெட்டவர் அல்லர், அவரிடம் கணக்குக் கேட்கவும் மேலே ஆள் இருந்தார்கள்.

எந்தப் பிள்ளை எந்தப் பாடப்படி வரை ஏறியிருக்கிறது என்று காட்டும் கணக்கு ஏணியில் அவன் பெயருக்கு நேரே வகுத்தல் வரைக்கும் குறி போட்டிருந்தது. அவர் கீழ்மட்டக் கரும்பலகையில் 42, அதற்குக் கீழே 17 என்று எழுதிக் கழிக்கச் சொன்னார். அவன் சாக்பீஸை வாங்கவில்லை. நேரே தட்டுக்குப் போய் நான்கு ஈர்க்குச்சிக் கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் எடுத்துவந்து பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். ரப்பர் வளையம் வெயிலில் இற்றுப்போகிறது என்று பழைய புடவையைக் கிழித்து நீங்கள் கட்டிவைத்த கட்டுகள். முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் அவிழ்த்தான்.

"குச்சி இல்லாமல் செய்" என்றார். அவன் நிமிர்ந்து உங்களைப் பார்த்தான்.

"இந்தக் குறியைப் போட்டது யார்?"

நீங்கள் கம்பிப் பந்தலில் ஆடிக்கொண்டிருந்த படங்களைப் பார்த்தபடி நின்றீர்கள். நான்தான் வாயைத் திறந்தேன். "நேற்று மாலை அக்கா போட்டார்கள், சார்."

அப்புறம் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொய் சொல்லவில்லையே என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் 2007-08இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் செயல்வழிக் கற்றல் முறையின் பாட அட்டைப் பெட்டிகள் வந்தபோது, பீரோவில் பூட்டிவைத்து ஆய்வன்று மட்டும் திறந்தவர்களை நமக்குத் தெரியும். நீங்களோ நாற்காலியை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு முழங்கால் வலியோடு பாயில் உட்கார்ந்தீர்கள். ஆந்திராவில் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில் தொடங்கி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்த முறை என்று பயிற்சியில் சொன்னதை நான் அழகாகக் குறிப்பெடுத்தேன். நீங்கள் அன்று மாலையே புளியங்கொட்டை பொறுக்கப் போனீர்கள். அவரவர் வேகத்தில் ஏறட்டும் என்றது முறை. மார்ச்சுக்குள் எல்லோரும் மேல்படியில் நிற்க வேண்டும் என்றது படிவம். மெதுவாக ஏறுகிற பிள்ளையை யாரும் விரட்டிவிடக் கூடாது என்றுதான் படிவத்தை ஏமாற்றினீர்கள். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஐந்தாம் வகுப்பு என்னுடையது, அக்கா. எளிய படைப்பாற்றல் கல்வி என்று பெயர் கொடுத்தார்கள். அட்டை கிடையாது, ஏணி கிடையாது. எல்லோருக்கும் ஒரே பாடநூல், ஒரே பக்கம், மனவரைபடம். ஜூனில் உங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வருவார்கள். ஆகஸ்டில் கடன்வாங்கிக் கழித்தலில் கண் கலங்குவார்கள். கட்டை அவிழ்க்கத் தெரிந்த பிள்ளைக்குத் தாளில் பத்தை உடைக்கத் தெரியவில்லை என்றால், அதை எப்போது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்? உங்களுக்கு நான்கு வருடம் இருந்தது. எனக்குப் பத்து மாதம். ஏணி உங்களுடையது, பிள்ளைகள் விழுகிற இடம் என் வகுப்பு. "பெரிய டீச்சரிடம் நன்றாகத்தானே படித்தான்" என்று தாய்மார்கள் என் வாசலில் வந்து நின்றார்கள். நடுவில் இருந்தது ஒரு மூங்கில் தட்டி. அதைத் தாண்டி ஒரு நாளாவது வந்து பார்த்தீர்களா?

மூட்டு வலி இப்போது எப்படி இருக்கிறது? மகன் வீட்டில் மாடிப்படி என்று கேள்விப்பட்டேன்.

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது உங்களைத்தான் நினைத்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கீழ்நிலையான 'அரும்பு' என்று பதிவது இப்போது குற்றமில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைக்குத் தகுந்தபடி பயிற்சி. உங்களுக்குக் குறிப்பாணை வாங்கித் தந்த அதே பின்தங்கலுக்கு அழகான பெயர் வைத்துவிட்டார்கள். பயிற்சி வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்று ஜீப் போன பிறகு பாயைச் சுருட்டப் போனேன். ஒரு ஓரத்தில் ஒரு கட்டும் ஏழு குச்சிகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டு கட்டு, ஐந்து குச்சி. நாம் மூவரும் அவன் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தபோது செய்து முடித்திருக்கிறான். நீங்கள் வராந்தாவில் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தீர்கள். கூப்பிடும் தூரம்தான். நான் உதிரிகளைக் கூட்டி, பத்தை எண்ணிக் கட்டி, மிச்சம் இரண்டையும் சேர்த்துத் தட்டில் வைத்துவிட்டேன்.