லூமினாவில் ஆட்டோமேட்டிக்: பெட்டி மட்டும் வாங்கினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவர்லேயின் வி8 லூமினா காரில் மேனுவல் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு ஆட்டோமேட்டிக் மாட்டுவது சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடிகிற வேலை என்று உங்கள் வாகனப் பக்கத்தில் படித்தோம். கழற்றி மாட்ட இரண்டு நாள் போதும்தான். ஆனால் அந்தக் குறிப்பில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை நம்பி யாராவது ஸ்கிராப் யார்டுக்குக் கிளம்புமுன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

செவர்லே 2017ஆம் ஆண்டோடு தென்னாப்பிரிக்காவை விட்டுப் போனபின், பழைய கார்களிலிருந்து இறக்கிய கியர் பெட்டிதான் பெரும்பாலோருக்குக் கதி. மலிவாகக் கிடைப்பது 4எல்60இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். அது தாங்கும் இன்ஜின் டார்க், அதாவது முறுக்கு விசை, சுமார் 488 நியூட்டன் மீட்டர். 6.0 லிட்டர் லூமினா தருவதோ 510 முதல் 530 வரை. நிதானமாக ஓட்டுபவரிடம் அந்தப் பெட்டி பல வருஷம் உழைக்கும். ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) பச்சை விழுந்ததும் மிதிப்பவரிடம் முதலில் கருகுவது மூன்றாம், நான்காம் கியர்களுக்கான 3-4 கிளட்ச் தட்டுகள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இன்ஜின் மட்டும் அலறி, கார் வேகம் எடுக்காவிட்டால் அவை போய்விட்டன என்று அர்த்தம். இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் ஒன்றாகப் போனால் உள்ளே சன் கியரைச் சுழற்றும் சன் ஷெல் உடைந்திருக்கும். எண்ணெயை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை. டார்க்கைக் கூட்டிய இன்ஜினுக்கு 4எல்80இ என்ற வலுவான பெட்டி பொருத்தம். அது 597 வரை தாங்கும். ஆனால் கனம் அதிகம், வெளித்தண்டில் 27க்குப் பதில் 32 பல் இருப்பதால் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப் ஷாஃப்ட்டின் முன் யோக்கும் (இணைப்பு முனையும்) மாற வேண்டும்.

மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு, கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில். கன்வர்ட்டர் பெட்டியின் முன்பக்க எண்ணெய்ப் பம்புக்குள் முழுதாக இறங்க வேண்டும். திருப்பித் திருப்பி அழுத்தினால் படிப்படியாக இறங்குவது கைக்குத் தெரியும். பிறகு பெட்டியின் முன்கூடான பெல் ஹவுசிங் கையால் தள்ளியே இன்ஜினோடு முகம் சேர வேண்டும். இடைவெளி தெரிகிறதே என்று போல்ட்டை முறுக்கி இழுப்பவர், பம்பின் கியரைத் தன் கையாலேயே உடைக்கிறார். முகம் சேர்ந்தபின் கன்வர்ட்டருக்கும், இன்ஜினின் கிராங்க்கில் மாட்டிய ஃப்ளெக்ஸ் பிளேட் தகட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதற்கு முன்பே கிராங்க் முனையிலிருந்து மேனுவலின் பைலட் பேரிங்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். இன்ஜின் பிளாக்கில் பெட்டியை நேராக நிறுத்தும் இரண்டு டவல் ஊசிகளும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஃப்ளெக்ஸ் பிளேட்டின் ஆறு போல்ட்டும் புதியவையாக இருக்கட்டும். அவற்றை 20, 50, 100 நியூட்டன் மீட்டர் என்று மூன்று சுற்றில் இறுக்க வேண்டும்.

கன்வர்ட்டரை ஜோஹன்னஸ்பர்க்கில் வாங்குபவர்களுக்கு ஒன்று. அந்த ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே தன் பலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழக்கும். பிரேக்கை மிதித்து கார் நிற்கையில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினாலும் இன்ஜின் அதற்கு மேல் ஏறாத சுற்று வேகமே ஸ்டால் வேகம். அது இன்ஜின் டார்க்கைப் பொறுத்தது. ஆகவே அங்கே நிமிடத்துக்கு 2,200 சுற்றில் நிற்கும் கன்வர்ட்டர் கடலோர டர்பனில் 2,400ஐத் தொடும். அங்கே அருமையாக இருந்ததே, இங்கே ஏன் இப்படி வழுக்குகிறது என்று விற்றவரோடு சண்டை பிடிப்பதில் நியாயமில்லை.

இனி கூலர். மேனுவல் காரின் ரேடியேட்டரில் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கான கூலர் பெரும்பாலும் இருக்காது. பெட்டிக்கும் கன்வர்ட்டருக்கும் காசு கொட்டிவிட்டு இங்கே கையை இழுப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. எண்ணெய் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 80க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஜனவரி வெயிலில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு டவுன் ஹில் ஏற்றமோ வான் ரீனன் கணவாயோ ஏறினால், கன்வர்ட்டர் வழுக்காமல் பூட்டிக்கொள்ளாத நேரமெல்லாம் சூடுதான். அடுக்குத் தட்டு வகைக் கூலரை ஏர்கண்டிஷன் கண்டென்சருக்கு முன்னால், காற்று நேராகப் படும் இடத்தில் வையுங்கள். ஹோஸ் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்றே செய்ததாக இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸ் சூட்டில் உப்பி, ஒருநாள் கிளிப்பிலிருந்து கழன்று, சாலை முழுக்க எண்ணெய். பழைய பெட்டியோடு வந்த கூலரைக் கழுவி உபயோகிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே தங்கிய உலோகச் சீவல் அடுத்த பெட்டிக்குள் போகும்.

வயரிங்கில் இரண்டைச் சொன்னால் போதும். கழற்றிய மேனுவல் பெட்டியான டி56இன் வேக சென்சார் ஒரு சுற்றுக்கு 17 துடிப்பு தரும், 4எல்60இ தருவது 40. கம்ப்யூட்டருக்கு இதைச் சொல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டர் இரண்டே கால் மடங்குக்கும் மேல் கூட்டிக் காட்டும். மற்றது, வண்டி மூன்றாவது கியரிலேயே கிளம்பி, கியர் விழும்போதெல்லாம் உதைத்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். கியர் மாற்றும் மின்காந்த வால்வுகளான சோலனாய்டுகளுக்கு மின்சாரம் வராதபோது 4எல்60இ அப்படித்தான் நடந்துகொள்ளும். முதலில் ஃபியூஸ், பிறகு கனெக்டர். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட்டர் சுழலும்படி ஸ்விட்சை இணைப்பதை நாளைக்குத் தள்ளக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

டிஃப்பையும், அதாவது பின் அச்சின் டிஃபரென்ஷியலையும் மறந்துவிடுகிறார்கள். மேனுவல் காரின் 3.46 விகித டிஃப்பை அப்படியே விட்டால், ஆறாவது கியரில் 120 கிலோமீட்டரில் சுமார் 1,700 சுற்றில் போன இன்ஜின், ஆட்டோமேட்டிக்கின் நான்காவதில் 2,400 சுற்றும். என்3 சாலையில் பெட்ரோல் பில் அதைச் சொல்லும். 3.07 டிஃப் போட்டால் 2,100க்கு இறங்கும். ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் விகிதம் 3.06 என்பதால் புறப்பாட்டில் மேனுவலுக்குச் சளைக்காது.

செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். எண்ணெய் இல்லாத காலிப் பெட்டிக்கும் கன்வர்ட்டருக்கும் சேர்த்து சுமார் பத்தரை லிட்டர் டெக்ஸ்ரான் 6 எண்ணெய் பிடிக்கும். அளவை இன்ஜின் ஓடும்போது, எண்ணெய் சூடான பிறகு பார்க்க வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடியதும் கீழ்த்தட்டைக் கழற்றி உள்ளிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் துடைத்துவிட்டு ஓட்டலாம். சீவலோ பித்தளைத் தூளோ இருந்தால் பெட்டியை மறுபடி இறக்க வேண்டியதுதான்.

இங்ஙனம்,
கியர்பாக்ஸ் பழுதுபார்ப்போர் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்