அப்பாவின் நெஞ்சுக் காயத்தை ஆற்றிய எல்லோருக்கும்

அப்பா இப்போது யார் துணையும் இல்லாமல் எழுந்து நடக்கிறார். இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நெஞ்செலும்பைப் பிளந்து செய்த இதய பைபாஸ் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. சில நாளில் தையலின் அடிப்பக்கம் லேசான கசிவு. சட்டையில் சின்னக் கறை, அவ்வளவுதான். காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை. வார்டு சிஸ்டர் அதோடு விடவில்லை. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அப்பாவை இருமச் சொன்னார். எலும்பு 'டக்'கென்று நகர்ந்தது கையில் பட்டதும் டாக்டரை அழைத்துவிட்டார். சிஸ்டர், முதல் நன்றி உங்களுக்குத்தான். தோலோடு நிற்கும் தொற்று வேறு, நெஞ்செலும்பையும் அதன் பின்னால் இதயத்தைச் சுற்றியுள்ள இடத்தையும் பிடிக்கும் தொற்று வேறு என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டாவது உயிருக்கே உலை வைக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு.

மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றதும் ஆடிப்போனோம். டாக்டர், நீங்கள் உட்காரவைத்துப் படம் வரைந்து காட்டினீர்கள். எலும்பைக் கட்டிய ஸ்டீல் கம்பியில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்து மட்டும் போதாது. கம்பிகளை எடுத்து, செத்த எலும்பையும் சதையையும் சுரண்டி நீக்க வேண்டும் என்றீர்கள். அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னீர்கள்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்து, அது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா என்றும் எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் சொன்ன ஆய்வகத்தினரை நாங்கள் பார்த்ததே இல்லை. வாரக்கணக்கில் நரம்பில் ஏறிய மருந்து உங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவானது.

அப்புறம் வேக்யூம் டிரஸ்ஸிங், அதாவது காயத்தின் கசிவை மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்கும் கட்டு. இதயத்தில் ஸ்பாஞ்ச் நேராகப் படாதபடி முதலில் ஒட்டாத மெல்லிய விரிப்பு, அதன்மேல் அளவாக வெட்டிய கறுப்பு ஸ்பாஞ்ச், மேலே பிளாஸ்டிக் தாள், பிறகு குழாய். மெஷின் 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் உறிஞ்சத் தொடங்கியதும் ஸ்பாஞ்ச் சுருங்கி இறுகும், கசிவு டப்பாவில் சேரும். இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை மாற்ற வேண்டும். வலி மருந்து வேலை செய்யும்வரை காத்திருந்து, உப்புநீரால் நனைத்து, ஓரம் ஓரமாக ஸ்பாஞ்சை எடுத்த அந்தத் தம்பியின் கைப்பக்குவத்தை அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். வெளிறிக் கிடந்த காயத்தில் சிவப்பாகப் புதுச்சதை தெரிந்த அன்று எங்களுக்கும் முன்பே சிரித்தது அந்தத் தம்பிதான்.

கடைசியில் பிளாஸ்டிக் சர்ஜன் இருபுறமும் இருந்த மார்புத் தசையை நடுவுக்கு நகர்த்தி மூடினார். நல்ல ரத்த ஓட்டமுள்ள தசை மூடினால்தான் மருந்தும் அங்கே போய்ச் சேருமாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்கள், மூச்சுப் பயிற்சி தந்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், இரவில் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்த உதவியாளர்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது வார்டுக்கும் வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்கிறார் அப்பா.