விராலடிப்பான் காலால்தான் பிடிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரிக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோருமே படித்தோம். மீன் பிடித்துத் தின்னும் பெரிய வேட்டைப் பறவையான விராலடிப்பானுக்கும் (osprey) ஒரு பத்தி ஒதுக்கியிருந்ததில் சந்தோஷம். ஆனால் அது தலைகீழாகப் பாய்ந்து அலகால் மீனைக் கவ்வும் என்று எழுதிவிட்டார்கள். அது மீன்கொத்தி செய்கிற வேலை. விராலடிப்பான் காலால்தான் பிடிக்கும்.

கட்டுரையாளர் மேல் பெரிய குறை சொல்ல முடியாது. கரையிலிருந்து பார்த்தால் தலை முதலில் போவது போலத்தான் தெரியும். எமரால்டு அணைப் பக்கம் எங்கள் கேரட் தோட்டத்திலிருந்தே இதைப் பார்க்கலாம். பத்து முதல் நாற்பது மீட்டர் உயரத்தில் வட்டமடிக்கும். மீன் கண்ணில் பட்டதும் சிறகை அடித்துக்கொண்டே ஒரே இடத்தில் நிற்கும். அப்புறம் சிறகை மடக்கிக்கொண்டு சரிந்து இறங்கும். தண்ணீரைத் தொடப் போகிற நொடியில்தான் இரண்டு கால்களையும் தலைக்கு முன்னால் நீட்டும்; சிறகுகள் பின்பக்கம் மேலே போய்விடும். தண்ணீர் தெறிப்பதில் சில சமயம் பறவையே காணாமல் போய்விடும். பிறகு சிறகை விரித்தபடி ஒரு கணம் மிதந்து, நாலைந்து முறை பலமாக அடித்து எழும்பும். எழும்பின கையோடு பறந்துகொண்டே குளித்த நாய் மாதிரி உடம்பைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறும். மீனைத் தலை முன்னால் பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொள்வதையும் அப்போது கவனிக்கலாம். காற்று எதிர்க்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

வழுக்கும் மீனை விடாமல் பிடிப்பதற்கென்றே அமைந்த கால் அது. வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பி, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று இடுக்கிக்கொள்ளும். பாதத்தின் அடியில் முள் முள்ளாகச் சொரசொரப்பு. மூக்குத்துளையையும் மூடிக்கொள்ளும். பெரிய மீனில் நகம் மாட்டி அதோடு மூழ்கிச் செத்துப்போகும் என்று ஒரு கதை உலவுகிறது. வேண்டாமென்றால் விடத் தெரியும் அதற்கு.

இவ்வளவு இருந்தும் அதனால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் போக முடியாது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். அணையில் எத்தனை மீன் இருந்தாலும் மேல் ஒரு மீட்டரில் இருப்பதுதான் அதற்குச் சாப்பாடு. அதுவும் தண்ணீர் தெளிந்திருந்தால்தான். தண்ணீருக்குள் இருக்கும் மீன், இருக்கிற இடத்தைவிடக் கொஞ்சம் மேலே இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். அதையும் கணக்கிட்டுத்தான் பாய வேண்டும். தெளிந்த தண்ணீரிலேயே பல பாய்ச்சல் வீணாகிறது. ஊட்டி ஏரி போலச் சாக்கடைத் தண்ணீர் கலந்து ஆகாயத்தாமரை மண்டிய இடத்தில் அது என்ன செய்யும்?

இந்த உயரத்தில் அதற்கு விருந்து வைத்ததே மனிதர்கள்தான். பைக்காரா மின் திட்டம் 1932-இல் வந்தது, அப்புறம் குந்தா அணைகள். கண்ணாடிக் கெண்டை (mirror carp) மீனை 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டியில் விட்டார்கள். அவலாஞ்சியில் டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் அதற்கும் முந்தியது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு இலையில் குப்பையைக் கொட்டலாமா?

குப்பை என்றதும் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். நான் சொல்வது தூண்டில் நரம்பு. மீன் பிடிக்க வருகிறவர்கள் சிக்கலான நரம்பை அறுத்து அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கரையோரப் புதரில், தண்ணீரில் நிற்கும் பட்டமரக் கிளையில் எல்லாம் சுற்றிக் கிடக்கிறது. நைலான், மக்காது. காலை நீட்டிக்கொண்டு பாய்கிற பறவைக்கு அதைவிடப் பெரிய கண்ணி வேறு வேண்டாம். விராலடிப்பான் உட்கார்ந்து மீனைக் கிழித்துத் தின்பதும் அதே கிளைகளில்தான்.

கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடும்போது, அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டு எடுத்துப் போகும்படி தூண்டில்காரர்களுக்கும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். அக்டோபரில் பறவைகள் வரத் தொடங்கிவிடும். செப்டம்பர் இதழிலேயே வந்தால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எமரால்டு, நீலகிரி மாவட்டம்