நிபந்தனையற்ற ஆதரவு என்று இனி எழுதாதீர்கள்: மலையகக் கட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழரின் பெயரால் நிற்கும் மலையகத் தமிழ்க் கட்சிகளின் தலைவர்களுக்கும், அக்கட்சிகளின் சார்பில் பிரதேச சபைகளிலும் நகர சபைகளிலும் பாராளுமன்றத்திலும் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலின் பின்னர், எங்கள் பிரதேச சபைக்குத் தவிசாளரைத் தெரிவுசெய்வதற்காகக் கூட்டப்பட்ட முதல் அமர்வை நான் பார்வையாளர் பகுதியின் கடைசி வாங்கில் இருந்து பார்த்தேன். எந்தக் கட்சிக்கும் அரைவாசி ஆசனம் கிடைக்காத சபை அது. அரைவாசியோ அதற்கு மேலோ பெற்ற கட்சி தன் தவிசாளரைத் தானே பெயர் குறித்து அனுப்பிவிடும். அப்படியொரு கட்சி இல்லாத சபைக்கு உள்ளூராட்சி ஆணையாளர் வந்து, உறுப்பினர்களின் வாக்கைக் கொண்டு தெரிவை நடத்துவார். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதம் கட்சிகளின் வாக்கு விகிதப்படியும் தெரிவாகும் கலப்பு முறை வந்த நாளிலிருந்து இத்தகைய சபைகள் ஏராளமாகிவிட்டன.

அன்று முதலில் நடந்தது, வாக்கெடுப்பு பகிரங்கமாக நடக்க வேண்டுமா இரகசியமாக நடக்க வேண்டுமா என்பதற்கான வாக்கெடுப்பு. இரகசியம் வென்றது. பிறகு வெள்ளைக் கடதாசி ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்று மேசைக்கு வந்தது. தேர்தலுக்கு முந்திய வாரம் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று, மழைக்கு இடிந்த மதகைக் கட்டித் தருவதாகச் சொன்ன உறுப்பினர், இடது கையால் மறைத்துக்கொண்டு தன் சீட்டை எழுதி, நான்காக மடித்துப் பெட்டிக்குள் போட்டதை நான் பார்த்தேன். தவிசாளர் தெரிவானார். அரை மணி நேரத்துக்குள் உப தவிசாளர் பதவி அந்த உறுப்பினரின் கட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. வாசலில் காத்திருந்த நிருபர்களிடம் அக்கட்சியினர், மக்களின் நலன் கருதி நிபந்தனையற்ற ஆதரவு வழங்கியதாகச் சொன்னார்கள். மதகு இன்றைக்கும் இடிந்தபடியே கிடக்கிறது. கொழுந்து லொறி அந்த இடத்தில் சுற்றிப் போகிறது, சுற்றிப் போக வழியில்லாத நோயாளியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.

நான் இதை எழுதுவது பேரம் பேசியதைக் கண்டிப்பதற்காக என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத சபையில் பேரம் பேசாமல் ஆட்சி அமைக்க முடியாது. குறைந்த ஆசனம் உள்ளவனுக்கு மக்கள் கொடுத்த ஒரே பலம் அந்தத் தருணம்தான். என் முறைப்பாடு வேறு. அந்தப் பலத்தை நீங்கள் எதற்கு மாற்றிக்கொண்டீர்கள் என்பதை வாக்களித்தவர்களுக்குத் தெரியாமல் மறைக்கிறீர்கள். மறைப்பதற்கு நிபந்தனையற்ற ஆதரவு என்ற சொற்றொடரைப் போர்வையாகப் பயன்படுத்துகிறீர்கள். நிபந்தனை உண்மையிலேயே இல்லை என்றால் எங்கள் வாக்கைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். நிபந்தனை இருந்தது என்றால் அது என்ன என்று சொல்லியிருக்க வேண்டும்.

நம்மவர் கையில் தராசு முள் இருந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். 1994 ஆகஸ்ட் தேர்தலில் சந்திரிகா அம்மையாரின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள் கிடைத்தன. முஸ்லிம் காங்கிரசின் 7 ஆசனங்களைச் சேர்த்தால் 112. 225 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 113 வேண்டும். அந்த ஓர் ஆசனம் நுவரெலியாவில் சுயேச்சைக் குழுவில் நின்று வென்ற மலையக மக்கள் முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரனிடம் இருந்தது. பதினேழு ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிவதற்கு அந்த ஒற்றை ஆசனமே நிறைகல்லாக இருந்தது என்று நாங்கள் தேநீர்க் கடைகளில் பெருமையோடு பேசியது எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு ஈடாக அவருக்குப் பிரதி அமைச்சர் பதவி கிடைத்தது என்பதை என் வயதொத்த எல்லோரும் சொல்வார்கள். மலையகத்துக்கு எது கேட்கப்பட்டது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்து போட்டியிட்ட மற்றொரு மலையகக் கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் அதிக காலம் தாமதிக்காமல் புதிய அரசாங்கத்தின் பக்கம் வந்து, அதன் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரானார். அத்தோடு அந்த ஒற்றை ஆசனத்தின் பெறுமதியும் இறங்கிவிட்டது. ஒரே மக்களின் வாக்கை இரண்டு கட்சிகள் தனித்தனியே விற்கப் போனால், வாங்குபவர் மலிவாகக் கிடைக்கும் பக்கத்தில்தான் வாங்குவார். இதற்காக அந்தத் தலைவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இருவரும் அவரவர் தொழிற்சங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது, சந்தாப் பணம் எந்தப் பக்கம் போகும் என்ற கவலையும் இருந்தது.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. 1965இல் 151 தொகுதிகளில் 66ஐ வென்ற ஐக்கிய தேசியக் கட்சி, தமிழரசுக் கட்சியின் 14 பேர் உட்பட ஏழு கட்சிகளைச் சேர்த்து ஆட்சி அமைத்தது. அதற்கு முன் மார்ச் 24ஆம் திகதி ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனாநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டார்கள். மக்கள் முன் விரித்து வைக்கப்படாமல் கையொப்பமான உடன்படிக்கை அது; மாவட்ட சபைகள் பற்றிய வாக்குறுதிக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது அரசாங்கம் அதைக் கைவிட்டது, தமிழரசுக் கட்சியும் வெளியேறியது. கடதாசி பெட்டிக்குள் பூட்டியிருந்தால் அதைக் கிழிப்பவருக்கு வெட்கம் ஏற்படுவதில்லை.

அதே நாட்டில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2001 ஜூனில் முஸ்லிம் காங்கிரஸ் விலகியதால் சந்திரிகா அம்மையாரின் அரசாங்கம் பெரும்பான்மையை இழந்தது. செப்டெம்பரில் பத்து ஆசனங்கள் வைத்திருந்த மக்கள் விடுதலை முன்னணி, அமைச்சுப் பதவி எதையும் ஏற்காமல், புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றை எழுதி நாட்டின் முன்னால் வைத்தது. அமைச்சரவை இருபது பேராகச் சுருங்கியது. ஒக்டோபரில் சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு வழிவகுத்த 17ஆவது திருத்தம் சட்டமானது. அதே மாதம் பாராளுமன்றமும் கலைக்கப்பட்டது. பரீட்சார்த்த அரசாங்கம் என்று பெயர் வாங்கிய அந்த ஏற்பாடு ஐந்தாறு வாரங்கள்தான் நீடித்தது. சட்டம் அதற்குப் பிறகும் நின்றது. எனக்கு அந்தக் கட்சியின் அரசியலில் பல விடயங்களில் உடன்பாடு கிடையாது. ஆனாலும் இன்று 159 ஆசனங்களோடு ஆட்சியில் இருக்கும் தேசிய மக்கள் சக்திக் கூட்டணியின் மையத்தில் அதே கட்சி இருப்பதால், உங்களோடு பேச வரும்போது, எழுத்தில் வேண்டாம், நம்பிக்கையே போதும் என்று அவர்கள் சொன்னால் 2001ஐ ஞாபகப்படுத்த உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். 2015இல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைமையிலான முன்னணிக்கு 106 ஆசனங்களே கிடைத்தன. அதற்குள் மலையகக் கட்சிகள் இடம்பெற்ற தமிழ் முற்போக்குக் கூட்டணியைச் சேர்ந்த ஆறு பேர் இருந்தார்கள். மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென ஓர் அமைச்சு வந்தது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற பேச்சு, பேச்சாக மட்டும் நில்லாமல் சில தோட்டங்களில் கண்ணால் காணக்கூடியதாயிற்று. 2019இல் ஆட்சி மாறியது, அமைச்சின் பெயரும் மாறியது. மாறாமல் எஞ்சியவை எவை? நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த பிரதேச சபைகள் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றையும் சேர்த்து ஆறாகின. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டப் பகுதிகளுக்குச் சபைப் பணம் வருவதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளில் சில அந்தப் பேரத்தின் விளைவு. திருத்தத்துக்கு முன்பு நான் பாதைக்காக எழுதிய மனுவுக்கு, தோட்டம் எங்கள் எல்லைக்குள் வராது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இப்போது அந்தப் பதிலை எழுத முடியாது. பதவியாக வாங்கியது போய்விட்டது, சட்டமாக வாங்கியது இருக்கிறது.

பலம் ஆசனங்களில் மட்டும் இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. 168 ஆசனங்களில் 140ஐ வைத்திருந்த ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவுக்குத் தொண்டமானின் ஒரு வாக்கு எண்ணிக்கைக்குத் தேவைப்பட்டதில்லை. 1986 தை மாதத்தில் தொழிலாளர்கள் பிரஜாவுரிமை கேட்டு வேலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் அமர்ந்தார்கள். கொழுந்து மலையில் முற்றியது. நாடற்றவர்களுக்கான பிரஜாவுரிமைச் சட்டங்கள் அந்த ஆண்டிலும் 1988இலும் வந்தன. என் அம்மா அதற்குப் பிறகுதான் முதன்முதலாக வாக்களித்தார். 1947இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் முன்னோடியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 95 தொகுதிகளில் ஏழை வென்றிருந்தது. 42 ஆசனங்கள் மட்டுமே பெற்ற முதல் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க சுயேச்சைகளையும் பின்னர் தமிழ்க் காங்கிரசையும் தம் பக்கம் சேர்த்துக்கொண்டு ஆட்சியை நிலைநிறுத்தினார். மற்றவர்கள் பேசி முடித்த அந்தக் கணக்கில் நம் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் போயின. பேரம் நடக்கும் மேசையில் நாம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவையில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வரும் பாதீட்டு (வரவு செலவுத் திட்ட) அமர்வுக்கு முன், நீங்கள் ஆதரவு கொடுத்தோ பெற்றோ ஆட்சி நடத்தும் ஒவ்வொரு சபையிலும் உங்கள் உடன்பாட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, சபை அறிவித்தல் பலகையிலும் ஒவ்வொரு தோட்டத்துப் பிரட்டுக்களத்திலும் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்திலும்) ஒட்டுங்கள். அதில் அபிவிருத்தி, நலன், ஒற்றுமை போன்ற சொற்களை எழுதி இடத்தை நிரப்பாதீர்கள். எந்தப் பிரிவின் எந்தப் பாதையைச் சபை பொறுப்பேற்கிறது, குடிநீர்க் குழாய் எந்த ஊற்றிலிருந்து எந்த லயம் வரை வருகிறது, தமிழில் கடிதம் எழுதக்கூடிய உத்தியோகத்தர் எப்போது நியமிக்கப்படுகிறார், மயானத்துக்கு எவ்வளவு காணி என்பதைத் திகதியோடு எழுதுங்கள். அந்தத் திகதிக்குள் நடக்காவிட்டால் பாதீட்டுக்கு வாக்களிப்பதில்லை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் நிபந்தனை. ஒரே சபையில் இரண்டு மூன்று மலையகக் கட்சிகள் இருக்குமானால், பெரிய கட்சிகளிடம் போவதற்கு முன் நீங்கள் ஓர் அறையில் கூடி, இதற்குக் குறைந்து யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்று நான்கைந்து விடயங்களில் கைச்சாத்திடுங்கள். தவிசாளர் யார் என்பதில் நீங்கள் பிறகு பிரிந்து நின்றாலும் எங்களுக்குக் கவலையில்லை.

இரகசிய வாக்கெடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 117 உறுப்பினர்கள் கொண்ட கொழும்பு மாநகர சபையில் 48 ஆசனங்களைப் பெற்ற தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளர், 2025 ஜூனில் இரகசிய வாக்கெடுப்பில் 61 வாக்குகள் பெற்று முதல்வரானார். கூடுதலாக விழுந்த 13 வாக்குகள் எவருடைய கையால் எழுதப்பட்டவை என்பதற்குப் பெட்டிக்குள் இருந்த சீட்டுகளில் விடை கிடையாது. இரகசியம் உறுப்பினரைத் தன் கட்சித் தலைமையின் மிரட்டலிலிருந்து காப்பாற்றும் என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தலைமையின் சொல்லுக்கு மாறாக வாக்களித்ததற்காக இடைநிறுத்தப்பட்டவர்களை நாம் அறிவோம். ஆயினும் எனக்கு அந்த வாதம் போதவில்லை. நான் வாக்குச்சாவடியில் மறைவாக எழுதுவது என் சொந்த வாக்கு. சபையில் நீங்கள் எழுதுவது எங்கள் வட்டாரத்தின் வாக்கு. அதை எங்களிடமிருந்து மறைத்து எழுத நாங்கள் அனுமதி தரவில்லை.

பாராளுமன்றத்தில் இன்றைய ஆளும் தரப்புக்கு உங்கள் கை தேவையில்லை. மலையகத் தமிழர் அந்தத் தரப்பிலேயே இருக்கிறார்கள். ஆனால் 1960இலும் 1994இலும் 2004இலும் முள் நடுவில் நின்றது போல் இனியும் ஒருநாள் நிற்கும்; 2004இல் சபாநாயகரை 110க்கு 109 என்ற கணக்கில்தான் தெரிவுசெய்தார்கள். கொழும்பில் அந்த நாள் வரும்போது எழுதிப் பேசத் தெரிந்தவர்களாக நீங்கள் இருக்க வேண்டுமானால், நோர்வூட்டிலும் கொட்டகலையிலும் இப்போதே எழுதிப் பழகுங்கள்.

எங்கள் பிரிவின் பிரட்டுக்களத்துச் சுவரில் பழைய அறிவித்தல் பலகை ஒன்று இருக்கிறது. சம்பள நாளையும் அம்மை ஊசித் திகதியையும் தவிர அதில் இப்போது எதுவும் ஒட்டப்படுவதில்லை. சனிக்கிழமை நானும் இரண்டு இளைஞர்களும் அதைத் துடைத்து, மழை படாமல் மேலே ஒரு தகரம் அடித்திருக்கிறோம். பாதீட்டு அமர்வுக்கு நான் வருவேன், அதே கடைசி வாங்கில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.