மிஷன் வீட்டு மகனுக்கு

அப்புத்தளை

அன்புள்ள தம்பி,

நலமாக வந்து சேர்ந்தேன். வெலிமடையில் பஸ் மாறும்போது நல்ல மழை. பை நனைந்துவிட்டது, மருமகள் கட்டித் தந்த ரொட்டி நனையவில்லை. அதை அவளிடம் சொல்.

உன் வீட்டில் ஐந்து நாள் இருந்தேன். மூன்றாம் நாள் இரவு உன் மகள் சின்னவள் உன் அறை வாசலில் நின்று, "போதகர் ஐயா!" என்று உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஊரே அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவள் வாயிலும் அதுவே வந்திருக்கிறது. நாங்கள் சிரித்தோம். நீயும் காதில் போனை வைத்தபடியே சிரித்தாய். மருமகள் மட்டும் சிரிக்காமல் குழம்புச் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அன்றைக்கு அது சூடாவது மூன்றாம் தடவை. அந்தச் சட்டியைப் பார்த்த பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

உன் அப்பா நல்ல உபதேசியார். 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் லயன் வீடுகள் புதைந்தபோது, செய்தி கேட்ட கையோடு கொஸ்லந்தைக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்த சனங்களோடு இரண்டு வாரம் இருந்தார். உடுப்பு மாற்ற ஒரு தடவை வந்தார், அவ்வளவுதான். அதை நான் குறை சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அங்கே போகாவிட்டால் அவர் என்ன உபதேசியார்?

என் குறை மற்ற நாட்களைப் பற்றியது. மலை சரியாத நாட்களிலும் மலை சரிந்ததுபோலவே ஓடினார். சீட்டுக்காசுச் சண்டைக்கு ஓடினார். ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிக்க இரவு ஒன்பது மணிக்கு ஓடினார். உனக்குக் காய்ச்சல் கண்டு நான் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த இரவில், யாரோ புதிதாக வாங்கிய முச்சக்கர வண்டிக்கு ஜெபிக்கப் போயிருந்தார். விடிந்ததும் நான் உன்னைப் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊழியத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று பேசிவிடுவார்களோ என்ற பயம். அந்த மௌனத்தைப் பொறுமை என்று சபை புகழ்ந்தது. எனக்குத் தெரியும், அது பொறுமை இல்லை.

மருமகளுக்கு அந்தப் புகழ் வேண்டாம். ஒன்று யோசித்துப் பார். சபையில் யாருக்கு மனக்கஷ்டம் வந்தாலும் உன்னிடம் வருகிறார்கள். போதகரின் மனைவிக்குக் கஷ்டம் என்றால் அவள் எந்தப் போதகரிடம் போவாள்? சபைப் பெண்களிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஊர்ப்பேச்சு. அதனால் பண்டாரவளையில் இருக்கிற அவள் அக்காவிடம் மாதம் ஒரு தடவையாவது அவளை அனுப்பு. நீ கூடப் போகாதே.

நீ இறையியல் கல்லூரியில் கிரேக்கம் வரை படித்தவன், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே ஒருவனே உட்கார்ந்து நியாயம் தீர்க்கிறான். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். எல்லாரும் அந்த யோசனையைத்தான் பிரசங்கிக்கிறார்கள். அதற்கு முந்தைய நாள் அந்த மனிதர் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்று யாரும் சொல்வதில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த சிப்போராளையும் இரண்டு பையன்களையும்! மனைவி மக்களைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் மாமனார் நிர்வாகம் பேசினார். எனக்கு அந்தக் கிழவரை ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று. வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்காக நீ ஜெபித்தாய். பெயர் சொல்லவில்லைதான். ஆனால் "மூன்று பிள்ளைகளின் தகப்பன், லொறி ஓட்டுகிறவர், குடியிலிருந்து விடுதலை" என்றால், தோட்டத்தின் மேல் டிவிஷனில் அப்படி எத்தனை பேர்? அவர் மனைவி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. நீ பிறந்து வளர்ந்த காம்பரா 10 அடிக்கு 12 அடி. நடுச்சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டில் இரவு நடந்த அடிதடி முழுவதும் நம் காதில் விழும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அதே அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பாள். நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவோம். அவளாக வாய் திறந்தால்தான் கேட்போம். லயத்தில் பிறந்த உனக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே!

அப்பாவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. இரண்டு மூப்பர்கள் முறுக்கிக்கொண்டால் அவர் கூட்டம் போடமாட்டார். ஒருவருடைய மரக்கறித் தோட்டத்துக்குப் போய், கேட்காமலே அவரோடு சேர்ந்து போஞ்சி பறிப்பார். ஒரு கூடை நிறையும் வரை சண்டையைப் பற்றிப் பேச்சே இருக்காது. அடுத்த வாரம் மற்றவர் வீட்டில் விறகு பிளப்பார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொன்னதே இல்லை. பாதிச் சண்டை அப்படியே ஆறிப்போகும். மீதிப் பாதி ஆறவில்லை, அதையும் அவர் தாங்கிக்கொண்டார். உன் சபைக்குழுவில் கூரைத்தகரக் கணக்குக்காக இருவர் முகம் பாராமல் இருக்கிறார்களே, அவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க அவசரப்படாதே.

அந்தப் பெரிய வீட்டுக்காரர் உனக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்கிறாராம். வேண்டாம். 1854-இல் தோட்டங்களில் தமிழ் மிஷன் தொடங்கியபோது கோப்பித் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். யார் காசில் யார் நடக்கிறார் என்று நம் சனம் அன்றிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் போ.

திங்கட்கிழமை உனக்கு ஓய்வு நாள் என்று சபைக்குழுவே தீர்மானம் போட்டிருக்கிறதாம், மருமகள் சொன்னாள். வருகிற திங்கட்கிழமை இரவு ஏழு மணிக்கு அவள் போனுக்கு அழைப்பேன். சின்னவளிடம் பேச வேண்டும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். உன்னை என்ன பெயர் சொல்லிச் சொல்கிறாள் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா